பட்டியல் நீளுது, வேலை நகரல: வாசகர் கேள்வி பதில்

போனில் வேலைப் பட்டியல் வைத்துக்கொள்வதைப் பற்றிப் போன இதழில் ஓரமாக நாலு வரி எழுதியதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. திருப்பூரிலிருந்துதான் அதிகம், அதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

சார், பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஏழெட்டு ஆர்டர் ஒரே நேரத்தில் ஓடுகிறது. டுடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புராஜெக்ட் போட்டு வைத்திருக்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் போய்விட்டு ஆபீஸ் திரும்பிய பிறகுதான் இன்னொரு ஆர்டரின் ஷேடு பற்றியும் அங்கேயே கேட்டிருக்கலாமே என்று தெரிகிறது. புராஜெக்ட்டை எல்லாம் எடுத்துவிட்டு டையிங், பிரிண்டிங், கட்டிங் என்று மாற்றிவிடட்டுங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

எடுக்காதீங்க. எடுத்தால் அடுத்த வாரமே, "பையர் போன் பண்ணி இந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்குன்னு கேட்கிறார், பத்து இடத்தில் தேட வேண்டியிருக்கு" என்று வேறு கடிதம் எழுதுவீங்க.

ஒவ்வொரு வேலையைப் பற்றியும் ரெண்டு கேள்வி இருக்கிறது. எந்த ஆர்டருக்காக? அதைச் செய்ய நான் எங்கே நிற்கணும், யார் எதிரில் இருக்கணும்? முதல் கேள்விக்குப் பதில் புராஜெக்ட். இரண்டாவதற்குப் பதிலைத்தான் கான்டெக்ஸ்ட் என்கிறார்கள். டுடூயிஸ்ட்டில் அதற்கு லேபிள். வேலையை டைப் செய்யும்போதே # போட்டால் புராஜெக்ட்டுகளும், @ போட்டால் லேபிள்களும் விரியும், தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். "நேவி லாட்டுக்கு லாட் ஷேடு மாறுது, மாஸ்டரிடம் துணியைக் காட்டு" என்ற வரி அந்த ஆர்டரின் புராஜெக்ட்டில் இருக்கும், @டையிங் லேபிளும் தாங்கியிருக்கும். யூனிட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு @டையிங்கைத் தட்டினால் எல்லா ஆர்டரிலும் அங்கே கேட்க வேண்டியது அத்தனையும் ஒரே திரையில் வந்துவிடும். பையர் போன் பண்ணும்போது ஆர்டர் பெயரைத் தட்டுங்க, லேப் டிப் (முதலில் அனுப்பும் சாய மாதிரி) முதல் கார்ட்டன் வரைக்கும் அந்த ஒரு ஆர்டரின் கதை மட்டும் வரும்.

துணி ரெண்டு மூணு யூனிட்டில் ஓடுதுன்னா 'டையிங்' என்ற பொது லேபிளால் பிரயோஜனமில்லை. யூனிட் பெயரையே லேபிளாக வையுங்க. ஒரு நேரத்தில் ஒரு வாசலில்தானே நிற்க முடியும்.

இந்த முறையைப் பரப்பியவர் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர், 2001-ல் வந்த அவருடைய புத்தகத்தால்தான் இவ்வளவு செயலிகளில் இது புகுந்தது. அவர் சொன்ன கான்டெக்ஸ்ட்டுகள் போன், கம்ப்யூட்டர், ஆபீஸ், வீடு, வெளிவேலை என்கிற மாதிரி இருக்கும். 2001-க்கு அது சரி. அப்போது போன் மேசை மேல் இருந்தது, கம்ப்யூட்டர் இன்னொரு மேசையில் இருந்தது, அங்கே போனால்தான் வேலை நடக்கும். இப்போது ரெண்டும் சட்டைப் பையில் இருக்கு. @போன் என்று ஒரு லேபிள் வைத்தால் பட்டியலில் முக்கால்வாசி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்த பிறகு அதைத் திறந்து பார்ப்பதும் முழுப் பட்டியலைப் பார்ப்பதும் ஒன்றுதான். அதனால் புத்தகத்தில் இருக்கும் லேபிள்களை அப்படியே எடுக்காமல், உங்கள் வேலையை நிஜமாகவே எது தடுத்து நிறுத்துகிறது என்று பாருங்க. நம்ம ஊரில் பெரும்பாலும் அது ஒரு ஆளாகத்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு உங்கள் எம்.டி. காலையில் ஃபுளோரில் ஒரு சுற்று, அப்புறம் பேங்க், அப்புறம் யாரோ சப்ளையர், கையில் கிடைப்பதே அஞ்சு நிமிஷம். @எம்.டி என்று ஒரு லேபிள் போட்டு வையுங்க. ஜிப்பர் விலை ஏறியதற்கு ஒப்புதல், கூரியர் பாக்கி, ஞாயிறு ஓவர்டைம், எல்லாம் அதில் சேரட்டும். அவர் படியேறும்போது தட்டிப் பார்த்துவிட்டு எதிரே போய் நின்றால் ஒரே மூச்சில் முடியும்.

இன்னொன்று பையரின் நேரம். ஜெர்மனிக்காரர் காலை 9 மணிக்கு சீட்டில் உட்கார்ந்தால் நமக்குக் குளிர்காலத்தில் பகல் 1:30, கோடையில் 12:30. காலை பத்து மணிக்கு மெயில் அனுப்பிவிட்டு இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. @ஐரோப்பா என்று லேபிள் போட்டு, சாப்பிட்டு வந்த பிறகு அதைத் திறங்க. அமெரிக்க ஆர்டர் இருந்தால் அது பொழுதோட, அதாவது சாயங்கால வேலை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி, அடுத்தவர் தரவேண்டியதற்குக் காத்திருப்பதுதானே. அதற்கு ஒரு லேபிள் அவசியம், நான் @வரணும் என்று வைப்பேன். வரியில் தேதிகளையும் எழுதுங்க: "பிரிண்டிங் ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரிண்ட் மாதிரித் துணி), 12-ந்தேதி கேட்டது, 15-ந்தேதி தருவதாகச் சொன்னார்." இப்படி எழுதி வைத்திருந்தால் 16-ந்தேதி போன் பண்ணும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை, தேதியைச் சொன்னால் போதும். "நாளைக்குத் தர்றேனுங்க" என்பதற்கு நம்ம பக்கத்தில் எத்தனை நாள் ஆயுசு என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஷிப்மென்ட் போன ஆர்டரை அன்றைக்கே ஆர்க்கைவ் பண்ணிடுங்க. இலவசக் கணக்கில் புராஜெக்ட் எண்ணிக்கைக்கு வரம்பு வேறு இருக்கு.

எனக்கு நானே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டு வைக்கிறேனுங்க. வீட்டுக்கு மேல் மாடி எடுக்கிறோம், மாமனார் தவறிய பிறகு பூமி பட்டா இன்னும் மாற்றவில்லை, பொண்ணுக்கு காலேஜ் அட்மிஷன் வேறு. "பட்டா மாத்தணும்" என்று நானே எழுதியது மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. புதுசா ஆப் எதுவும் கற்றுக்கொள்ளப் பொறுமையில்லை. போனில் ஏற்கெனவே கூகுள் டாஸ்க்ஸ் இருக்கிறது, அது போதுமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

போதும் அம்மிணி. வாட்ஸ்அப்பில் போடுவதையும் நிறுத்த வேண்டாம், பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது நினைவுக்கு வந்தால் அதில் போடுவதுதான் சுளுவு. ராத்திரி ஒரு தரம் அதைப் பார்த்து டாஸ்க்ஸில் மாற்றிவிட்டு, மாற்றியதை அழித்துவிடுங்க. அழிக்காவிட்டால் ரெண்டு இடத்திலும் தேடுவீங்க.

உங்கள் சிக்கல் ஆப்பில் இல்லை, "பட்டா மாத்தணும்" என்ற வரியில் இருக்கு. அதை யாராலும் செய்ய முடியாது. அது ஒரு வேலையே இல்லை, பல வேலைகளின் மொத்தப் பெயர். இறப்புச் சான்றிதழ் நகல் எடுக்கணும், அதை வைத்து வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கணும், அது விசாரணைக்குப் போய் தாசில்தாரிடமிருந்து வரணும், பங்கு பிரிப்பதாக இருந்தால் பங்காளிகள் உட்கார்ந்து பேசணும், உட்பிரிவு வந்தால் சர்வேயர் அளக்கணும். இத்தனையும் ஒரு வரிக்குள் இருந்தால் பார்த்த உடனே மனசு ஒதுக்கிவிட்டு 'தக்காளி ஒரு கிலோ' என்ற அடுத்த வரிக்குப் போய்விடும். தக்காளி மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை இன்றைக்கே வாங்க முடிகிறது, அவ்வளவுதான்.

கூகுள் டாஸ்க்ஸில் லேபிள் கிடையாது, லிஸ்ட் மட்டும்தான் இருக்கு. அதனால் லிஸ்ட்டை இடத்துக்கும் ஆளுக்கும் விட்டுவிடுங்க: 'டவுன்', 'இ-சேவை, தாலுகா', 'மேஸ்திரி வரும்போது', 'வீட்டில்'. நாலு போதும். புராஜெக்ட்டுகளைத் தனியாகக் கூகுள் கீப்பில் ஒரே குறிப்பாக எழுதுங்க. மாடி, பட்டா, அட்மிஷன், ஒவ்வொன்றின் கீழும் தெரிந்த படிகள். அதிலிருந்து இப்போது செய்ய முடிகிற ஒரே ஒரு படி மட்டும் டாஸ்க்ஸுக்கு வரணும். பட்டாவுக்கு இன்றைய படி, "மாமனார் இறப்புச் சான்றிதழ், ரெண்டு செராக்ஸ்". அது 'டவுன்' லிஸ்ட்டில், தக்காளிக்குப் பக்கத்திலேயே உட்காரும். அது முடிந்தால்தான் அடுத்த படி உள்ளே வரும். வரியின் முன்னால் "பட்டா:" என்று போட்டுக்கொண்டால் எதற்காக என்பதும் மறக்காது.

மேஸ்திரி லிஸ்ட்டை மட்டும் சாதாரணமாக நினைக்காதீங்க. அவர் வருவதே வாரத்தில் ரெண்டு நாளாக இருக்கும், வந்த அன்றைக்குப் பார்த்து ஒரம்பரை (விருந்தாளி) யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். "பாத்ரூம் வாட்டம் எந்தப் பக்கம், தொட்டிக்கு ஓவர்ஃபுளோ பைப், படிக்கு எத்தனை இன்ச்" என்று எழுதி வைத்திருந்தால் போனை எடுத்து, அவரை நிற்க வைத்தே கேட்டு முடிக்கலாம்.

மனசு இப்படி நச்சரிப்பதைப் பற்றி 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற ரெண்டு உளவியலாளர்கள் சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். பாதியில் கிடக்கும் காரியம் வேறு வேலை செய்யும்போதும் நடுவில் வந்து தொந்தரவு பண்ணுமாம். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக முடிவெடுத்துவிட்டாலே, காரியம் முடியாவிட்டாலும் தொந்தரவு அடங்கிவிடுமாம். பட்டாவுக்கு இதைச் செய்து பாருங்க.

அறுபது வயது தாண்டியவன். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி, சுவரில் தினசரி காலண்டர். இதில் நடக்காத எதை அந்த சாஃப்ட்வேர் நடத்திவிடப் போகிறது?
– ஒரு வாசகர், பவானி

டைரியில் எல்லாம் நடக்குதுன்னா மாற வேண்டியதே இல்லீங்க. ஆனால் நீங்கள் கடைக் கணக்கு பார்த்தவராக இருந்தால் ஒன்று சட்டென்று புரியும். நாள்வழியில் அன்றன்றைய வரவு செலவு வரிசையாக எழுதுவோம், அப்புறம் அதையே ஆள் வாரியாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவோம். ஒரே வரவு, ரெண்டு இடத்தில் நிற்கும். நாள்வழி மட்டும் இருந்தால் சேலத்து யாவாரி எவ்வளவு பாக்கி என்று பக்கம் பக்கமாகப் புரட்டணும். சாஃப்ட்வேர் அந்தப் பெயர்த்து எழுதுகிற வேலையை எடுத்துக்கொள்கிறது. ஒரு தடவை எழுதினால் ஆர்டர் வாரியாகவும் பார்க்கலாம், ஆள் வாரியாகவும் பார்க்கலாம். ஒரு இடத்தில் முடிந்தது என்று அடித்தால் இன்னொரு இடத்திலும் அடிபட்டுவிடும். அதற்கு மேல் அதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. உங்களுக்குக் காரியம் பத்து பதினைந்துதான் என்றால் பெயர்த்து எழுதவே தேவையில்லை, டைரியே ஜோர்.

தென்னந்தோப்பு இருக்கிறது. மகன் ஐபோன் வாங்கிக் கொடுத்து, அந்த இடத்துக்குப் போனால் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கப்பா என்றான். பொள்ளாச்சிக்குள் நுழைந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கிறது. இன்னொன்று, காய் வெட்டு 45 நாளுக்கு ஒரு தரம் என்று போட்டு வைத்தேன், மழையில் வெட்டுத் தள்ளிப்போனால் கணக்கு எல்லாம் தப்பாகிறது.
– ஒரு வாசகர், ஆனைமலை

உரக்கடை, பேங்க், மோட்டார் ரிப்பேர்க்காரர் எல்லாம் ஒரே வீதியில் இருக்கும் ஊருக்கு அந்த வசதி எப்படிப் பொருந்தும்? தூரம் தூரமாக இருக்கும் இடங்களுக்குத்தான் அது லாயக்கு. தோப்புக்குப் போனால் ஞாபகப்படுத்து, திருப்பூர் சம்பந்தி வீட்டுக்குப் போனால் ஞாபகப்படுத்து, இப்படி ரெண்டு மூன்றோடு நிறுத்திவிட்டு டவுன் வேலைகளுக்கு மணியை எடுத்துவிடுங்க. வியாழன் சந்தைக்கு வருகிற வழக்கம் உண்டுன்னா 'வியாழன்' என்று ஒரு லிஸ்ட் வைத்தாலே போதும்.

ஆனால் ஐபோனில் அந்த மணியை அடிக்கிற ரிமைண்டர்ஸ் செயலியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு ஆளைக் குறித்து வைத்தால், ஐபோனின் மெசேஜஸில் அவரோடு பேசும்போது அந்த வேலையை எடுத்துக் காட்டும். மகன் அதில் மெசேஜ் அனுப்புகிறவர் என்றால் அவரிடம் கேட்க வேண்டியதை அப்படிக் கட்டிவிடலாம். வாட்ஸ்அப்பில் பேசினால் இது வேலை செய்யாது, அதைச் சொல்லிவிடணும்.

காய் வெட்டு விஷயம் நல்ல கேள்வி. திரும்பத் திரும்ப வரும் வேலையில் ரெண்டு ஜாதி உண்டு. இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி தேதி மாறாதது ஒன்று, நீங்கள் பிந்திக் கட்டினாலும் அடுத்த தேதி பிந்தாது. காய் வெட்டு, மோட்டாருக்கு ஆயில், மாட்டுக்குக் குடற்புழு மருந்து இதெல்லாம் வேறு, செய்து முடித்த நாளிலிருந்துதான் அடுத்ததை எண்ணணும். பல செயலிகள் முதல் ஜாதியை மட்டும் செய்யும். டுடூயிஸ்ட்டில் தேதி எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் 'எவ்ரி 45 டேஸ்' என்று எழுதினால் குறித்த தேதியிலிருந்து எண்ணும். 'எவ்ரி' என்ற சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டு 'எவ்ரி! 45 டேஸ்' என்று எழுதினால் நீங்கள் முடித்ததாக அடித்த நாளிலிருந்து எண்ணும். அந்த ஒரு குறிதான் வித்தியாசம். மகனிடம் சொல்லிப் போட்டு வாங்கிக்கொள்ளுங்க.

வீட்டில் மஞ்சள் யாவாரம், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வேலைகளை எழுதி, + போட்டால் புராஜெக்ட், @ போட்டால் கான்டெக்ஸ்ட் என்று பிரித்துக் காட்ட பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆங்கில டேக் எல்லாம் வருகிறது, '+மஞ்சள்' என்று போட்டால் 'மஞ' மட்டும் வருகிறது. ஏன் அண்ணா?
– ஒரு மாணவர், ஈரோடு

தம்பி, ரெஜெக்ஸில் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) பின்சாய்கோடும் சின்ன டபிள்யூவும் போட்டிருப்பாய். பைத்தானோடு வருகிற ரெஜெக்ஸ் அதை எழுத்து, எண், அடிக்கோடு என்று மட்டும்தான் புரிந்துகொள்ளும். கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 'ம', 'ஞ' எழுத்து வகை. புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து வகையில் சேராது, அவை சேர்க்கைக் குறிகள். 'மஞ்சள்' என்பதில் மூன்றாவதாக வருவதே புள்ளி, அங்கேயே அறுத்துவிட்டது. 'சந்தை' என்று போட்டிருந்தால் 'சந' வந்திருக்கும். உன் ஸ்கிரிப்ட் மட்டுமில்லை, தமிழ் டேக் போட்டால் பாதியில் நிற்கிற செயலிகள் பலவற்றில் கோளாறு இதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாகப் பின்சாய்கோடும் பெரிய எஸ்ஸும் போடு, இடைவெளி வரும் வரைக்கும் எதுவானாலும் எடுத்துக்கொள்ளும். நீ எழுதியிருப்பது 2006-ல் ஜினா டிரபானி தொடங்கிய 'டுடு டாட் டெக்ஸ்ட்' முறைதான். அதன் விதியும் இதையே சொல்கிறது: குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி, குறிக்குப் பின்னால் இடைவெளி அல்லாத எதுவும். முன்னால் இடைவெளி கேட்பதால் வரியின் நடுவில் மின்னஞ்சல் முகவரி வந்தாலும் அதிலுள்ள @ கான்டெக்ஸ்ட் ஆகிவிடாது. முடிந்த வேலைக்கு வரியின் தொடக்கத்தில் சின்ன எக்ஸ். முக்கியமானதற்கு அடைப்புக்குறிக்குள் பெரிய ஏ, பி, சி. வரிகளை அகர வரிசையில் அடுக்கினாலே முக்கியமானவை மேலே வந்துவிடும், தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. இதைவிட எளிமையான ஃபைல் அமைப்பு எனக்குத் தெரியாது.

இன்னொரு இடத்திலும் மாட்டுவாய், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். '+தோட்டம்' என்பதில் 'தோ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக ரெண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்று போலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. எழுதிய விதம் மாறினால் ஒரே பெயரில் ரெண்டு புராஜெக்ட் வந்து நிற்கும். படித்தவுடன் ஒவ்வொரு வரியையும் என்.எஃப்.சி. என்ற, இந்த ரெண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடு, பைத்தானிலேயே அதற்கு யூனிகோடுடேட்டா மாட்யூல் இருக்கிறது.

சரவணம்பட்டியில் ஐடி வேலை. வுண்டர்லிஸ்ட்டில் தொடங்கி, அது மூடிய பிறகு மைக்ரோசாஃப்ட் டுடு, அப்புறம் நோஷன், இப்போது ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஆர்க்-மோடு. முப்பது டேக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுக்கி வைக்கிறேன், திங்கள் மதியம் கலைந்துவிடுகிறது. எந்த ஆப்தான் சரி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஆர்க்-மோடிலேயே இருங்க, அதற்கு மேல் தேட வேண்டாம். 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளுக்காக எழுதத் தொடங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது, வெறும் டெக்ஸ்ட் ஃபைல். வுண்டர்லிஸ்ட்டை 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாதம் மூடியது உங்களுக்கே தெரியும். டெக்ஸ்ட் ஃபைலை யாரும் வாங்கி மூட முடியாது.

முப்பது டேக்தான் வியாதி. போன வாரம் எந்த டேக்கைத் தட்டி, வந்த பட்டியலை வைத்து வேலை செய்தீர்கள்? செய்யாததை எல்லாம் அழிங்க. டேக் என்பது வேலையைப் பற்றிய வர்ணனை இல்லை, அதைத் தட்டினால் உருப்படியாக ஒரு பட்டியல் வரணும். கம்ப்யூட்டரிலேயே பொழுது போகிறவருக்கு @கம்ப்யூட்டர் எதற்கு? உங்களுக்குத் தடையாக இருப்பது இடமில்லை, தலை. காலை பத்து மணிக்குச் செய்ய முடிகிற டிசைன் வேலையை மதியம் மூணு மணிக்குச் செய்ய முடியாது. ஆகவே தெளிவாக இருக்கும் நேரத்துக்கு ஒன்று, தூக்கம் சொக்கும்போது செய்ய முடிகிற ரீஇம்பர்ஸ்மென்ட் ஃபாரம் வகையறாவுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, 'வரணும்' ஒன்று. ஆர்க்கில் மேல் தலைப்புக்கு வைத்த டேக் அதன் கீழிருக்கும் உள் தலைப்புகளுக்கும் தானாக இறங்கும், அதனால் 'வீடு' என்று மேலே ஒரு தடவை போட்டால் போதும், வரிக்கு வரி ஒட்ட வேண்டாம்.

ஆபீஸ் டிக்கெட்டுகளை இதற்குள் நகலெடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள். விட்டுவிடுங்க. அது டிக்கெட் செயலியான ஜிராவிலேயே இருக்கட்டும், இங்கே "ஜிராவைத் திற, மேலே இருப்பதை எடு" என்று ஒரே வரி. திங்கள் மதியம் கலைவது பாதி அதனால்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு அரை மணி நேரம் போதும்: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் அடுத்த படி என்று ஒன்று இருக்கிறதா, 'வரணும்' பட்டியலில் யாரை நச்சரிக்கணும், இந்த ரெண்டை மட்டும் பார்த்துவிட்டு ஆர்.எஸ்.புரம் பக்கம் போய்க் காபி குடிங்க.

எல்லா வேலைக்கும் தேதி போடுவது நல்லதா?
– ஒரு வாசகர், நாமக்கல்

இல்லை. தவறினால் அபராதமோ திட்டோ விழுமென்றால் மட்டும் தேதி. ஆசைக்குப் போட்ட தேதி எல்லாம் மறுநாள் சிவப்பாகி நிற்கும், பத்து சிவப்பைப் பார்த்துப் பழகிய கண் நிஜமான பதினொன்றாவதையும் தாண்டிப் போய்விடும். செய்யும் இடம் தெரிந்தால் லேபிள் போதும். அலுவலக நாளை மட்டும் வரியில் எழுதிக்கொள்ளுங்க. கலெக்டர் ஆபீஸ் மனு என்றால் திங்கள்; பேங்க் என்றால் ரெண்டாம், நாலாம் சனி கிடையாது.

வீட்டுக்காரரும் நானும் ஒரே லிஸ்ட் வைத்துக்கொண்டோம். அவர் போட்ட லாரி டயர் விவகாரமெல்லாம் என் போனில் வருகிறது, நான் போட்ட பள்ளிக்கூட ஃபீஸை அவர் பார்ப்பதே இல்லை. சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா?
– ஒரு வாசகி, சங்ககிரி

பிரிச்சிடுங்க. யார் போனாலும் வாங்கி வரக்கூடியது எதுவோ, அதை மட்டும் பொதுவில் வையுங்க: மளிகை, மருந்து, கேஸ். புராஜெக்ட்டைப் பங்கு போடாதீங்க, அவருடைய வண்டி அவருடைய பட்டியலில், பள்ளிக்கூடம் உங்களுடையதில். மைக்ரோசாஃப்ட் டுடுவில் ஒரு லிஸ்ட்டை மட்டும் லிங்க் அனுப்பிப் பகிரலாம், மற்றவை அவரவருக்கே இருக்கும். பகிர்ந்த லிஸ்ட்டில் இருக்கும் வரியை இன்னாருக்கு என்று ஒதுக்கவும் முடியும். அவர் ஒருவரே செய்ய வேண்டியதை, ஃபீஸ் கட்டக் கையெழுத்து மாதிரி, அதில் போட்டு அவர் பெயருக்கு ஒதுக்கிவிடுங்க. அப்படியும் பார்க்கவில்லை என்றால் 'வீட்டுக்காரர்' என்று உங்களுக்கு மட்டும் ஒரு லிஸ்ட் போட்டு, ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காரும்போது வரிசையாகப் படித்துக் காட்டுங்க.